பாடத்தைத் தேர்வது மாணவரா, கால அட்டவணையா?

டில்லிப் பல்கலைக் கழகக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஹானர்ஸ் வகுப்பில் சேரும் மாணவர் முதல் செமஸ்டரில் ஏழு தாள்கள் படிக்க வேண்டும். ஏழில் மூன்று, அவர் எடுத்துக்கொண்ட முதன்மைப் பாடத்தைச் சேர்ந்தவை. அவற்றில் அவருடைய விருப்பத்திற்கு வேலையில்லை. எஞ்சிய நான்கில் அவருடைய விருப்பத்திற்கு இடம் உண்டு என்கிறது திட்டம். சரித்திரம் படிப்பவர் பொருளாதாரத்தில் ஒரு தாள் எடுக்கலாம். கணிதம் படிப்பவர் தத்துவத்தை எட்டிப் பார்க்கலாம். திறன் வளர்ப்புக்கு ஒன்று, ஒழுக்கப் பண்புக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என்று தாம் விரும்பியதைத் தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு இனிமையான ஏற்பாடுதான்.

ஆனால் கல்லூரியில் காலடி வைத்த முதல் வாரத்திலேயே, பக்கத்தில் இருப்பவர் பெயர் கூடத் தெரியாத நிலையில், பதினெட்டு வயதுப் பிள்ளை இந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்கிறது. கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் அந்த நாட்களில் மாலை நேரம் முழுவதும் இதே பேச்சுத்தான். யாரைக் கேட்பது என்பதுதான் பெரும் பிரச்னை. முன்பெல்லாம் வீட்டில் மூத்த பிள்ளை சென்ற வழியில் இளையது சென்றது. இப்போது அக்காள் சொல்லும் யோசனை தம்பிக்கு உதவுவதில்லை. காரணம், அக்காள் படித்த திட்டமே இப்போது இல்லை.

பன்னிரண்டு ஆண்டில் பல மாற்றம்

2010ல் விஞ்ஞானப் பாடங்களுக்கு செமஸ்டர் முறை வந்தது. அடுத்த ஆண்டே மற்றப் பாடங்களுக்கும் அது விரிந்தது. 2013ல் நான்காண்டுப் பட்டப் படிப்பு ஆரவாரத்துடன் புகுத்தப்பட்டது. எல்லா மாணவரும் படித்தாக வேண்டிய அடிப்படைத் தாள்கள் மட்டும் அதில் பதினொன்று. சரியாக ஓராண்டு கழித்து, 2014 ஜூனில், பல்கலைக் கழக மானியக் குழு வற்புறுத்தியதன் பேரில் அது கைவிடப்பட்டு, அதில் சேர்ந்திருந்த அணி முழுவதும் மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றப்பட்டது. 2015ல் விருப்பத் தேர்வுக் கிரெடிட் முறை வந்தது. 2019ல் பாடத்திட்டம் மீண்டும் திருத்தி எழுதப்பட்டது. 2022ல் தேசியக் கல்விக் கொள்கையின்படி நான்காண்டுப் படிப்பு வேறு உருவில் திரும்பி வந்தது. அதே ஆண்டில்தான் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இடம் கொடுப்பது நின்று, மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வும் நடைமுறைக்கு வந்தது.

நுழைவுத் தேர்வு வந்ததைக் குறை கூறுவோர் பலர் உண்டு. ஆயினும் அதற்கு முந்தைய நிலை ஒன்றும் சொர்க்கமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011ல் பிரபலமான வணிகவியல் கல்லூரி ஒன்று, பள்ளியில் வணிகவியல் படிக்காத மாணவர்களுக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் கேட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்த நூறு வியப்புக்குரிய செய்தியாகவே இல்லாமற் போயிற்று. தொண்ணூற்றேழு வாங்கிய பிள்ளை வீட்டு மூலையில் அழுதுகொண்டிருந்த காட்சி டில்லித் தமிழர்களுக்கும் பழக்கமானதே.

ஏழில் நான்கு

திட்டத்தின் உள்ளமைப்பைச் சற்றே விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட். முதன்மைப் பாடத் தாள் மூன்றும் தலா நான்கு கிரெடிட். 'ஜெனரிக் எலெக்டிவ்' எனப்படும் பிறதுறைத் தாளுக்கு நான்கு. மொழி அல்லது சுற்றுச்சூழல், திறன் வளர்ப்பு, பண்புக் கல்வி ஆகிய மூன்றுக்கும் தலா இரண்டு.

இரண்டு கிரெடிட் தாள்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பிள்ளைகள் அதிக நேரம் செலவிடுகிறார்கள். யோகமா, வேத கணிதமா, நிதி அறிவா, தூய்மை பாரதமா என்று விவாதம் நடக்கிறது. எதில் மதிப்பெண் எளிதில் வரும் என்பதே அங்கு ஒரே அளவுகோல். அது தவறு என்று சொல்வதற்கில்லை; அந்தத் தாள்களின் கனம் அவ்வளவுதான்.

கனமானது பிறதுறைத் தாள். அதைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. முதன்மைப் பாடத்துக்கு அப்பால் இன்னொரு துறையில் ஏழு தாள்கள், அதாவது 28 கிரெடிட் சேர்த்தால், அந்தத் துறையும் மாணவரின் துணைப் பாடமாகப் பட்டத்தில் இடம்பெறும். அரசியல் படிக்கும் மாணவி பொருளாதாரத்தைத் துணைப் பாடமாகக் கொள்ள விரும்பினால், முதல் செமஸ்டரிலேயே பொருளாதாரத்தில் தொடங்கிவிடுவது நலம். முதலில் உளவியல், பிறகு சமூகவியல், அதன் பிறகு ஆங்கிலம் என்று தாவித் தாவி எடுத்தவர், கிரெடிட் கணக்கில் குறைவின்றித் தேறுவார். ஆனால் எதுவும் துணைப் பாடமாகத் திரளாது. இந்த விவரம் பலருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகிறது. சில பிறதுறைத் தாள்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

சரி, பொருளாதாரமே வேண்டும் என்று தெளிவாகத் தீர்மானித்துக்கொண்டு வந்த மாணவிக்கு அது கிடைக்குமா? இங்குதான் திட்டத்தின் உண்மையான எஜமானர் வெளிப்படுகிறார். பல்கலைக் கழகத்தின் பட்டியலில் உள்ள தாள்கள் ஏராளம். கல்லூரியின் பட்டியலில் உள்ளவையோ, அந்தக் கல்லூரியில் ஆசிரியர் இருக்கும் துறைகளின் தாள்கள் மட்டும். அவற்றிலும் வகுப்பறை காலியாக உள்ள மணி நேரத்துக்குப் பொருந்துபவை மட்டும். அவற்றிலும் நாற்காலி நிரம்பாதவை மட்டும். ஒவ்வொரு துறையும் தன் ஆசிரியர்களுக்குப் போதிய வகுப்பு நேரம் காட்டியாக வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு தாள் வழங்கப்படுவதும் வழங்கப்படாததும், மாணவரின் ஆர்வத்தைக் காட்டிலும் ஆசிரியரின் பணி நேரக் கணக்கைப் பொறுத்தே அமைகிறது. ஆசிரியர்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. ஆண்டுக்கணக்கில் தாற்காலிகப் பணியில் காலம் தள்ளியவர்களுக்கு அந்தப் பணி நேரம்தான் சோறு.

எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாடமும் பாதி தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. பெரிய துறைகள் பல உள்ள கல்லூரியில் சேரும் மாணவருக்குக் கிட்டும் சுதந்திரம், அதே பட்டத்துக்காகச் சிறிய கல்லூரியில் சேருபவருக்குக் கிட்டாது. இருவருடைய சான்றிதழிலும் ஒரே பல்கலைக் கழக முத்திரைதான்.

வரிசையில் ஒளிந்துள்ள வம்பு

சுமார் எழுபது கல்லூரிகள், எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள். இவற்றுக்கான பொது ஒதுக்கீட்டு முறையில் மாணவர் கல்லூரியையும் பாடத்தையும் சேர்த்து ஒரு விருப்ப வரிசை கொடுக்கிறார். குறிப்பிட்ட தேதியில் வரிசை தானாகவே பூட்டப்படுகிறது. இடம் ஒதுக்கப்பட்டால் கெடுவுக்குள் ஏற்றாக வேண்டும். ஏற்காதவர் அடுத்த சுற்றுக்களிலிருந்து விலகியவர் ஆகிறார். மேல் வரிசையிலுள்ள இடத்துக்குக் காத்திருக்கலாம். அது கிடைத்த கணமே கையிலிருந்த இடம் போய்விடும். மனம் மாறித் திரும்ப வழியில்லை.

ஆகையால் 'கிடைக்காது' என்று எண்ணி அலட்சியமாக மேலே போட்ட ஒரு வரி, கிடைத்துவிட்டால் தொல்லைதான். பேர் பெற்ற கல்லூரியில் எந்தப் பாடமானாலும் சரி என்று பெற்றோர் முதல் வரிகளை நிரப்பச் சொல்கிறார்கள். டில்லித் தமிழ்ப் பெற்றோருக்குக் கல்லூரியின் பேரில் உள்ள மோகம் சற்று அதிகமே. பிள்ளை மூன்று ஆண்டோ நான்கு ஆண்டோ தினமும் கண் விழித்துப் படிக்கப் போவது பாடத்தைத்தான். கல்லூரியின் பேரை அல்ல. பொருளாதார ஹானர்ஸுக்குக் கணிதம் கட்டாயம் என்பது போன்ற நிபந்தனைகளை நுழைவுத் தேர்வுக்கு மனுச் செய்யும்போதே பார்த்திருக்க வேண்டும். தேர்வில் எழுதாத பாடத்தைப் பிறகு எந்த வரிசையாலும் ஈடுகட்ட இயலாது.

நான்காம் ஆண்டு யாருக்கு?

2022ல் சேர்ந்த முதல் அணி 2025 ஆகஸ்டில் நான்காம் ஆண்டில் அடியெடுத்து வைத்தது. 44 கிரெடிட்டுடன் முதல் ஆண்டில் வெளியேறினால் சான்றிதழ், 88உடன் வெளியேறினால் டிப்ளமோ, 132க்குப் பட்டம், 176க்கு ஆராய்ச்சியோ, செயல் திட்டமோ, தொழில் முனைப்போ கூடிய நான்காண்டுப் பட்டம். எந்தக் கதவிலும் வெளியேறலாம் என்பது பெருமையாகக் கூறப்படுகிறது. டில்லித் தமிழர்களின் பாரம்பரிய உத்தியோகமான மத்திய அரசுப் பணியில், பட்டதாரி நிலைத் தேர்வுகளுக்கு முழுப் பட்டம் தேவை. ஓராண்டுச் சான்றிதழை அங்கே நீட்ட முடியாது. குடும்பக் கஷ்டத்தால் இடையில் நிற்கும் பிள்ளைக்கு, ஏழாண்டுக்குள் திரும்பி வந்து முடிக்கலாம் என்ற வசதியே உண்மையான உதவி.

நான்காம் ஆண்டைப் பொறுத்தவரை கணக்கு எளிது. நான்காண்டு முடித்தவர் முதுகலையை ஓராண்டில் முடிக்கலாம். மூன்றாண்டு முடித்தவருக்கு ஈராண்டு. இரு வழியிலும் மொத்தம் ஐந்தே. நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு மனுச் செய்யலாம் என்று மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதி அனுமதிக்கிறது. ஆராய்ச்சியில் உறுதியாக நிற்பவருக்கு இது லாபம். மற்றவர்களுக்கு? மூன்றாண்டில் முடித்து வேறு ஊரில், வேறு பல்கலைக் கழகத்தில் முதுகலை படிக்க நினைப்பவருக்கு நான்காம் ஆண்டால் பெரிய பயன் இல்லை.

வேறு மாநிலத்துக்குச் செல்ல எண்ணுபவர்கள் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. அங்கு மாநிலப் பல்கலைக் கழகக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கம். கர்நாடகம் 2021ல் நான்காண்டை ஏற்று, ஆட்சி மாறிய பின் 2024 மே மாதத்தில் மூன்றாண்டுக்கே திரும்பியது. டில்லியிலேயே 2013ன் கதை என்ன ஆயிற்று என்பதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

நரேலாவிலிருந்து

இவ்வளவும் பகல் நேரக் கல்லூரியில் இடம் பெற்றவர்களைப் பற்றியது. டில்லித் தமிழர் எல்லோரும் அந்த நிலையில் இல்லை. ஜங்புராவில் பாராபுல்லா நாளாவை ஒட்டியிருந்த 'மதராஸி கேம்ப்' குடியிருப்பு, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் கணக்கிடப்பட்ட குடும்பங்களுக்கு மட்டும், நகரின் வடகோடியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. அங்குள்ள பிள்ளைகளில் பலர் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவர்கள். தாய்மார்களில் பலர் அக்கம் பக்கத்து வீடுகளில் வேலை பார்த்தவர்கள்.

அங்கிருந்து வரும் மாணவிக்கு விருப்ப வரிசையின் முதல் வரியை நிர்ணயிப்பது பாடம் அல்ல, பஸ். ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகச் செல்லும் மெட்ரோ ரயில் பாதைக்கு 2024 டிசம்பரில்தான் மத்திய மந்திரிசபை அனுமதி அளித்தது. தென் டில்லிக் கல்லூரியில் எவ்வளவு நல்ல துணைப் பாடம் இருந்தாலும் அவளுக்கு அது எட்டாக் கனி. அவளைப் போன்றவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: சனி, ஞாயிறுகளில் மட்டும் வகுப்பு நடத்தும் மகளிர் கல்லூரி சாராக் கல்வி வாரியம் ஒன்று, 1962ல் அஞ்சல் வழிக் கல்வியாகத் தொடங்கி இன்று திறந்தநிலைக் கல்விப் பள்ளியாக உள்ளது மற்றொன்று. இரண்டிலும் பொது நுழைவுத் தேர்வு இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு சேரலாம். இவற்றை இழிவாகப் பேசும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களிடையே இருக்கிறது. வாரம் ஐந்து நாள் வேலை பார்த்து வார முடிவில் படித்துப் பட்டம் வாங்கும் பெண்ணை இழிவாகப் பேசுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒன்று: ஏழு தாளில் நான்கு உன் விருப்பம் என்ற வாக்குறுதி அங்கே இன்னும் சுருங்கிவிடுகிறது.

வாசலில் உண்டு, உள்ளே இல்லை

இனி மொழி. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழைப் பாடமாகப் படிக்கலாம். பொது நுழைவுத் தேர்வு நடைபெறும் 13 மொழிகளில் தமிழும் ஒன்று. மொழித் தாளாகத் தமிழை எழுதலாம். ஆங்கில ஹானர்ஸ் போன்றவை நீங்கலாக, பி.ஏ. ஹானர்ஸ் பலவற்றில் அந்த மதிப்பெண் தரவரிசையில் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அதாவது, பல்கலைக் கழகத்தின் வாசலில் தமிழுக்கு ஆங்கிலத்துக்கு உள்ள அதே நிறை.

உள்ளே சென்றதும் கதை மாறுகிறது. மொழிக்கென வைக்கப்பட்ட இரண்டு கிரெடிட் தாள், அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக ஏற்பட்டது. தமிழ் அந்த அட்டவணையில் ஆதி முதல் இருக்கிறது. பல்கலைக் கழகத்தின் நவீன இந்திய மொழிகள் துறையில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. ஆனால் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் கிடைப்பது ஹிந்தியும் சம்ஸ்கிருதமும்; தமிழ் ஆசிரியர் உள்ள கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற இடங்களில் தமிழ் மாணவர் ஹிந்தியை எடுக்கிறார். எந்த வகுப்பு வரை ஹிந்தி படித்தார் என்பதைக் கொண்டு அவருக்குத் தரம் பிரித்துத் தாள் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டு படித்த தாய்மொழி, கல்லூரியின் முதல் வாரத்தில் சத்தமில்லாமல் கழன்று விழுகிறது.

இதற்குப் பல்கலைக் கழகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதல்ல. மாணவர் எண்ணிக்கை இல்லாததால் தமிழுக்குப் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லாததால் பட்டியலில் தமிழ் இல்லை. பட்டியலில் இல்லாததால் மாணவர் எண்ணிக்கை சேர்வதில்லை. இந்தச் சக்கரத்தை ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். தமிழ் ஆசிரியர் இருக்கும் கல்லூரிகளிலேயே, ஹிந்தியில் மதிப்பெண் நிச்சயம் என்று தமிழ்ப் பிள்ளைகள் ஹிந்தியை எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. தமிழ் வகுப்பில் ஆள் குறைந்தால் அடுத்து ஓய்வு பெறும் தமிழ்ப் பேராசிரியரின் இடம் என்னாகும் என்று அந்த வீடுகளில் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடும் கூட்டத்தில் பாதி, இந்தப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும்.

பல்கலைக் கழகம் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு கல்லூரியில் மூன்று பேர், அடுத்த கல்லூரியில் ஐந்து பேர் என்று சிதறிக் கிடக்கும் மாணவர்களை வாரத்தில் ஒரு நாள் ஒரே இடத்தில் சேர்த்து வகுப்பு நடத்த வட வளாகத்திலும் தென் வளாகத்திலும் இடம் இருக்கிறது. இரண்டு கிரெடிட் தாளுக்கு வாரம் முழுதும் வகுப்புத் தேவையில்லை. தமிழுக்கு மட்டுமன்றி, மலையாளம், கன்னடம், ஒடியா, அஸ்ஸாமி பேசும் மாணவர்களுக்கும் இதுவே வழி. அவர்களும் இதே படிவத்தின் முன்னே இதே குழப்பத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் இதை யாராவது கேட்க வேண்டும், காலத்தில் கேட்க வேண்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் சேர வாய்ப்பு உண்டு என்பதைத் தமிழ்ப் பள்ளிகள் தம்மிடம் உள்ள பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலைக் கொண்டே ஓரளவு கணித்துவிடலாம். அந்தக் கணக்குடன் பெற்றோர் நான்கு பேர் ஏப்ரலிலோ மே மாதத்திலோ கல்லூரி முதல்வரைச் சந்தித்தால் பேச விஷயம் இருக்கும். வகுப்புகள் தொடங்கிய பிறகு சென்றால், அட்டவணை போட்டாயிற்று என்ற பதில்தான் கிடைக்கும்.